ஆறின காயத்துக்குக் கேசில்லை

என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது தேங்காய்க்காக. யார் வீட்டுத் தேங்காயும் இல்லை, எங்கள் குடிசைக்குப் பின்னால் நின்ற தென்னையில் அவரே ஏறிப் பறித்த தேங்காய். அந்தத் தென்னை தன்னுடையது என்றார் நிலத்துக்காரரான பெரிய வீட்டுக்காரர். எங்களுடையது என்றது சட்டம். போலீஸ் பெரிய வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டது.

எங்கள் ஊர் பாறசாலையைத் தாண்டி, காரோட்டுக்குப் போகிற வழியில், தமிழ்நாட்டு எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடப்பவர்களுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் பூமி சொந்தம் என்று கேரளத்தில் சட்டம் வந்த காலம் அது. நாங்கள் மாமனார் காலத்திலிருந்தே பெரிய வீட்டுக்காரரின் தென்னந்தோப்பு விளையில் கிடந்தவர்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்து கயிறு பிடித்து அளந்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பை நட்டு வேலி கட்டச் சொன்னார்கள். வேலிக்குள் மூன்று தென்னை வந்தது. வேலி மட்டும் கட்டினால் போதாது, ஆதாயம் எடுத்தால்தான் அனுபவ உரிமை என்று ஆகும், ஏறிப் பறியுங்கள் என்றும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

இவருக்குத் தென்னையேற்றம்தான் தொழில். தினமும் ஊரார் மரத்தில் ஏறி ஊராருக்குத் தேங்காய் இறக்கிப் போட்டுவிட்டு வருகிறவர். அன்றைக்கு முதல்முறையாகத் தன் மரத்தில் ஏறினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மத்தியானம் சாளை மீன் குழம்புக்குத் தேங்காயைக் கொஞ்சம் கூடுதலாகவே அரைத்தேன். தொண்டி முதலை, அதாவது களவுப் பொருளை, குழம்பு வைத்துக் குடித்துவிட்டாயா என்று பிறகு ஸ்டேஷனில் அவரிடம் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பார். அங்கே நடந்த மற்ற எதையும் அவர் என்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

கொண்டுபோன மறுநாள் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். கேசு எழுதவில்லை. எழுதியிருந்தால் கோர்ட்டில் ஆஜராக்க வேண்டும், பத்து சென்ட் விஷயம் அங்கே பேச்சுக்கு வரும். அதனால் எழுதாமல் அடித்தார்கள். அடித்ததில் முக்கியமானவன் ஒரு கான்ஸ்டபிள். அவனும் தூரத்து ஆள் இல்லை, இந்தப் பக்கத்துத் தமிழ் பேசுகிறவன்தான். இவருடைய இரண்டு உள்ளங்காலிலும் லத்தியால் அடித்திருந்தான். முதுகு முழுக்கத் தடித்துக் கிடந்தது. மரம் ஏறுகிறவனின் காலை அவன் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் மரத்திலிருந்து விழுந்தாலும், மாடு முட்டினாலும், போலீஸ் அடித்தாலும் முதலில் ஓடுவது ஆசானிடம். வர்மம் தெரிந்த வைத்தியரைத்தான் ஆசான் என்போம். ஆஸ்பத்திரி என்பது காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும். அடி என்றால் ஆசான். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஸ்டேஷன் வாசலில் இவரைக் கண்டதும் ஒருவர் போய் வாடகைக்கார் பிடித்தார், ஒருவர் ஆசானுக்குக் கொடுக்கச் சேவல் பிடிக்கப் போனார், என் மாமி எண்ணெய்க் குப்பியைத் தேடினாள். எங்கே போகிறோம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆசான் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையையும் தாண்டி. நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆசான் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு எதையோ முணுமுணுப்பார். அது என்ன மந்திரமோ, விசுவாசிகள் அங்கே போகலாமா என்று எங்கள் உபதேசியார் ஒருமுறை கேட்டதற்கு, மந்திரம் எண்ணெய்க்காக்கும், எங்களுக்கில்லை என்று மாமி சொல்லிவிட்டாள். உபதேசியாரும் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கும் இடுப்புவலி வந்தால் அதே ஆசான்தான்.

ஆசான் இவரைத் தொட்டுப் பார்த்தார். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று கேட்கவே இல்லை. அவர் வீட்டில் அது வழக்கம். முதுகில் ஓரிடத்தில் தட்டினார், காலில் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தார். இவர் வாய்விட்டு அலறிவிட்டு, பிறகு மூச்சை நன்றாக இழுத்தார். அதுவரை அரை மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு கஷாயம், எண்ணெய் தடவல், இலைகளை வதக்கித் துணியில் கட்டி ஒற்றுகிற கிழி. அங்கேயே ஒரு சாய்ப்புக் கொட்டகையில் தங்கிக்கொண்டு நான் கிழி சூடாக்கிக் கொடுத்தேன். தடிப்புகள் ஊதாவிலிருந்து பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சளும் போயிற்று. ஒவ்வொரு நாளும் ஒரு தடம் அழிவதைப் பார்த்து நான் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும்போது செக்போஸ்ட்டில் காரை நிறுத்தி, இவர் படுத்திருந்த பாயைத் தூக்கி அடியில் அரிசி கடத்துகிறோமா என்று பார்த்தார்கள். அரிசி இல்லை என்றதும் விட்டார்கள்.

இவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் சங்கத்துக்காரர்கள் கேசு கொடுக்க வேண்டும் என்று வந்தார்கள். இவருக்கும் அது பிடித்திருந்தது. அடி வலித்ததைவிட, அடிக்கவே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்வதுதான் அவருக்கு ஆறவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷர். எல்லாம் கேட்டுக்கொண்டார். கடைசியில், டாக்டர் எழுதின சர்ட்டிபிகேட் எங்கே என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆசானிடம் போனோம் என்றார் இவர். வக்கீல் பேனாவை மூடிவைத்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஆசான் அவ்வளவு நன்றாக ஆற்றிவிட்டிருந்தார்.

ஆனாலும் கேசு கொடுத்தோம். அரசு டாக்டர் இவரைப் பரிசோதித்து, வெளிக்காயம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது, காணப்படாததை எப்படி எழுதுவார்? கான்ஸ்டபிள், இந்த ஆளைத் தான் கண்டதே இல்லை என்று சொன்னான். ஸ்டேஷனில் இவர் வந்ததற்கும் போனதற்கும் ஒரு வரி கிடையாது. சொந்தக்காரர் சொல் எடுபடாது, மிச்சமிருந்த ஒரே சாட்சி ஆசான். அவர் வெள்ளை வேட்டி கட்டி, குடையோடு எல்லை தாண்டி வந்தார். கோர்ட்டில் கேட்ட எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னார். அது விழுந்த அடி இல்லை, அடித்த அடி என்றார். யார் அடித்தது என்று கேட்டதற்கு, அது எனக்குத் தெரியாது, நான் கேட்பதில்லை என்றார். எதிர்வக்கீல் அவரிடம், நீங்கள் கேரளத்தில் பதிவு செய்த வைத்தியரா, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. இவ்வளவு பெரிய அடி என்றால் ஏன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று கேட்டபோதுதான் ஆசானுக்குக் கோபம் வந்தது.

"நோவோட வந்தான், மாத்திவிட்டேன்," என்றார். "நோவை அப்பிடியே வச்சிருக்கச் சொல்லணுமா நான்?"

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிக்கிறவர்கள் எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. சட்டம் வந்து பார்க்கும்வரை காயம் காயமாகவே இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. வலிக்கிறவனுக்கு வலியை மாற்றுவதைத்தான் நாங்கள் அறிந்திருந்தோம்.

கேசு தள்ளுபடியாயிற்று. அடித்ததற்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. பாறசாலையில் பஸ் இறங்கி நடக்கும்போது இவர், "இப்பம் நான் பொய் சொன்னவனாயிட்டேன்," என்றார். பிறகு பல வருஷம் அவர் அந்த வாக்கியத்தோடுதான் இருந்தார். குடிசைக்காரர்களுக்கான குடிகிடப்புப் பட்டயம் எங்களுக்குக் கிடைத்தது. பத்து சென்ட்டும் மூன்று தென்னையும் காகிதப்படி எங்களுடையதாயிற்று. பெரிய வீட்டுக்காரர் வழியில் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். ஊரார் எங்களை ஜெயித்தவர்கள் என்றார்கள். இவருக்கு அது காதில் ஏறவில்லை. தேங்காய் நமக்குக் கிடைத்ததே, அது போதாதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். தேங்காய்க்காகவா நான் கோர்ட்டில் நின்றேன் என்று என்னைக் கடித்துக் குதறாத குறை.

அதற்குப் பிறகு கல்ஃப் வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் யாரும் அதற்குப் போனதாகத் தோன்றவில்லை, அதுதான் வந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஓலை மாறி ஓடு வந்தது, ஓடு மாறி கான்க்ரீட் வந்தது. திருப்புறத்தில் என் பிறந்த வீடு. அங்கே இருந்த என் தம்பி கொத்தனார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் தூக்கி வளர்த்தவன். நல்ல கைவேலைக்காரன், வாயும் கொஞ்சம் நீளம். அவனுக்கு விசா தருகிறேன் என்று அவனோடு வேலை செய்த ஒருவன் கல்ஃபிலிருந்து சொல்லி அனுப்பினான். தம்பி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான். வேலைக்கு வசதி என்று அப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான், அதனால் விலாசமும் எங்கள் விலாசம். விசாரணைக்குப் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது.

வந்தவன் அதே கான்ஸ்டபிள். இப்போது ஏட்டு ஆகியிருந்தான். எங்கள் பக்கத்தில் ஹெட் கான்ஸ்டபிளை ஏட்டு என்போம். வயிறு சற்று முன்னால் வந்திருந்தது, மற்றபடி அதே முகம். இவர் வீட்டில் இல்லை. திறந்த கதவில் நான் நின்றேன். அவன் என்னையும் வீட்டையும் தென்னையையும் பார்த்தான். அந்தத் தேங்காய்க் கேசுக்காரனுடைய அளியனா, மச்சினனா நீ என்று தம்பியிடம் மலையாளத்தில் கேட்டான். தம்பி ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அளியன் மட்டும் இல்லை, அடிபட்ட காலைக் கண்டவனும்தான் என்றான். மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு ஏட்டு இறங்கிப் போனான்.

அது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சபைக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி ஸ்டேஷனுக்குப் போனான். ஆராதனை முடிந்து வரும்போது, அவன் ரோட்டோரத்தில் கிடக்கிறான் என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். வலது முழங்கால் இருந்த இடத்தில் ஒரு பலாச்சக்கை வைத்ததுபோல் வீங்கியிருந்தது. ஏட்டு பூட்ஸ் காலால் மிதித்திருந்தான். காது ஓரத்தில் ரத்தம். நான் அழுதுகொண்டே காருக்கு ஆள் அனுப்பினேன். கார் வந்தது. ஆசான் வீட்டுக்கு என்று நான் டிரைவரிடம் சொன்னேன். இவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, வடக்கே விடு, ஆஸ்பத்திரிக்கு என்றார்.

நான் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியதும் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால், ஞாயிற்றுக்கிழமை, டியூட்டி டாக்டர் எங்கேயோ போயிருக்கிறார். தம்பியை வராந்தாவில் பெஞ்சில் கிடத்தினோம். நர்ஸ் வந்து ரத்தத்தைத் துடைக்கப் பஞ்செடுத்தார். டாக்டர் பார்த்த பிறகு துடைக்கலாம் சிஸ்டர் என்று இவர் தடுத்தார். முழங்காலில் ஒரு ஈரத்துணிகூட வைக்க விடவில்லை. காலடியில் தரையில் உட்கார்ந்து, அந்த வீக்கத்தைக் காவல் காப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஆசான்கிட்ட கொண்டு போங்க," என்றான் தம்பி. "எனக்குக் கேசு வேண்டாம். நோவு பொறுக்க முடியல்ல."

"கொஞ்சம் பொறு மக்கா," என்றார் இவர். "படிச்ச ஒரு மனுசன் கண்ணால கண்டு எழுதட்டு. பொறவு நானே தோள்ல சுமந்து கொண்டு போறேன்."

அந்த வராந்தாவில் எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவரோடு சண்டை போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. "அவன் எனக்க தம்பியாக்கும், ஒங்களுக்குச் சாட்சியில்ல," என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. காரோ போய்விட்டது. டாக்டர் சாயங்காலம் வந்தார்.

வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நேர்மையானவர். ஒவ்வொன்றையும் அளந்து எழுதினார். பூட்ஸ் தடம் தொடையில் பதிந்திருந்ததையும் எழுதினார். யார் அடித்தது என்று தம்பியிடம் கேட்டு அதையும் எழுதினார். அப்புறம் தன்னிடம் எலும்பு டாக்டர் இல்லை என்று திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட்டார். போலீஸ் கேசு என்பதால் அங்கேயிருந்து நினைத்தபோது வெளியே வர முடியாது. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். இவர் தோளில் சுமந்து ஆசானிடம் கொண்டுபோகிறேன் என்று சொன்னது நடக்கவில்லை.

கட்டைப் பிரித்தபோது கால் நேராகத்தான் இருந்தது, மடங்கவில்லை. அப்போது ஆசானிடம் கொண்டுபோனோம். ஆசானுக்கு வயசாகிவிட்டது, கண் மங்கல். விரலால் முழங்காலைச் சுற்றித் தடவிப் பார்த்தார். அன்றைக்கே வந்திருந்தால் ஒருவேளை வீக்கத்தை இறக்கியிருக்கலாம், இப்போது உறைந்துபோயிற்று என்றார். திருவனந்தபுரத்து டாக்டரோ, உள்ளே எலும்பு நொறுங்கியிருந்தது, யாரிடம் போயிருந்தாலும் இப்படித்தான் என்றார். இரண்டு பேரில் யார் சொன்னது உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. டாக்டர் சொன்னதை நம்ப வேண்டும் என்று மிகவும் பிரயாசைப்பட்டிருக்கிறேன்.

பாஸ்போர்ட் வந்தது. இந்தக் கேசுக்குப் பிறகு அதை நிறுத்த யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் கல்ஃபுக்கு ஆள் எடுக்கிறவர்கள் மெடிக்கல் பார்த்தார்கள். குந்தி உட்காரச் சொன்னார்கள். அவனால் முடியவில்லை. குந்தாமல் கொத்தனார் வேலை இல்லை. அவனுக்கு என்று வைத்திருந்த விசாவில் பக்கத்து வீட்டுப் பையன் போனான். அவன் முதல் லீவில் வந்தபோது தம்பிக்கு ஒரு வாசனை சென்ட் குப்பியும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்து கொடுத்தான். தம்பி வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் பேசினான். டேப் ரிக்கார்டரை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கேசு வருஷக்கணக்காக இழுத்தது. இந்த முறை ஆஸ்பத்திரி எழுத்து இருந்ததால், தம்பியைக் கண்டதே இல்லை என்று போலீசால் சொல்ல முடியவில்லை. அந்தச் சின்ன வயசு டாக்டர் இடம் மாறிப் போயிருந்தும் வந்து சாட்சி சொன்னார். எதிர்வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டும், தான் எழுதிய ஒரு வார்த்தையிலிருந்தும் அவர் நகரவில்லை. இவர் ஒரு வாய்தா விடாமல் போய் நின்றார். தென்னையேற்றத்துக்கு ஆள் கூப்பிட்டால்கூட, கோர்ட் உண்டு, நாளைக்கு வாறேன் என்பார். ஏட்டு குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனை, வேலையும் போயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு போலீஸ்காரன் அடித்ததற்காகத் தண்டனை பெற்றது அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். இவருக்கும் தம்பிக்கும் போட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஏட்டு தலை குனிந்து நின்றதைக் கண் நிறையப் பார்த்தேன். இவருடைய முகம் அப்படித் தெளிந்து நான் கண்டதே இல்லை. பொய் சொன்னவன் என்ற பெயர் போயிற்று என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட்டுக்கு எதிரே சாயாக்கடையில் எல்லோரும் உட்கார்ந்தோம். தம்பி மட்டும் காலை நீட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எங்கே போனாலும் ஓரத்து இடம்தான் வேண்டும், கால் நீட்ட.

"கேசு நல்லா நடந்துது அத்தான்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ஆனா அது ஒங்க கேசாக்கும். எனக்க கேசு ஆசான் வீட்ல முடிஞ்சிருக்கும்."

இவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமா மக்கா," என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஏன் என்று விளக்கவும் இல்லை. நான் அவரை எத்தனையோ விஷயத்துக்காக வைதிருக்கிறேன். அந்த ஒரு 'ஆமா'வுக்காக அவரை மதிக்கிறேன். தம்பியும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. காட்டாக்கடையில் ஒரு சிமெண்ட் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. லீவு நாளில் எங்கள் வீட்டுக்கு வருவான், இவரோடு சீட்டு விளையாடுவான், தோற்றால் ஏமாற்றினாய் என்று சண்டை பிடிப்பான். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவன் நாற்காலியிலிருந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் இவர் வேறெங்கோ பார்ப்பார்.

கேசு ஜெயித்த பெயர் ஊர் ஊராகப் பரவியிருந்தது. போலீஸ் கை வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தடவாதே, எண்ணெய் போடாதே, நேரே டாக்டரைப் பார் என்று மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயமாகியிருந்தது. இவர் மட்டும் வருகிறவர்களிடம் அதை வாயால் சொன்னதில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் காரோட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு ஜீப் எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே ஒரு மீன்காரர். ஏதோ தகராறில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் அடித்திருந்தார்கள். மனைவியும் அண்ணன்மாரும் கூட இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், கேசை எப்படிக் கொடுப்பது என்று இவரிடம் கேட்டுக்கொண்டு போக வந்தவர்கள். தொட விடவில்லை, ஒன்றும் தடவவில்லை, அப்படியே கொண்டுவந்திருக்கிறோம் என்று மூத்த அண்ணன் பெருமையாகச் சொன்னார். தம்பி அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தான். இவர் ஜீப்புக்குள் தலையை நீட்டினார். அண்ணன்மாரோடு பேசவில்லை. அந்த மீன்காரரின் நெற்றியில் கை வைத்தார்.

"ஒனக்கு எங்க போகணும், மக்கா?" என்று கேட்டார்.

அந்த மனுஷருக்கு வாய் வீங்கிப் பேச்சு குழறியது. யாரும் அதுவரை தன்னிடம் கேட்காத கேள்வி என்பதுபோல் இவரைப் பார்த்தார்.

"நோவு மாறினா போரும்," என்றார்.

அண்ணன்மார் குறுக்கே பேசினார்கள். இப்போது விட்டால் அடித்தவன் தப்பிவிடுவான், நாளைக்கு இன்னொருவனை அடிப்பான் என்றார்கள். அது உண்மை. என் வீட்டுக்காரருக்கு அது தெரியாதா? அவர்கள் சொன்னது முழுவதையும் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டதல்லவா என்று மட்டும் சொன்னார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே படலையைத் திறந்து நடந்துகொண்டிருந்தான். மடங்காத காலை முதலில் உள்ளே தூக்கிப் போட்டு, கம்பியைப் பிடித்துத் தன்னை இழுத்து ஏற்றிக்கொண்டான். முன்பின் தெரியாத அந்த மீன்காரரின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்தான். ஆசான் போய்விட்டாலும் மகன் இருக்கிறார், வழி நான் சொல்கிறேன் என்று டிரைவரிடம் சொன்னான்.

ஜீப் தெற்கே, எல்லையைத் தாண்டிப் போயிற்று. அந்த மீன்காரரை அடித்தவனை இன்றுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.